ஏலத்துக்கு முந்தின நாள்

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பக்கத்து வீட்டு அம்மாவோடு உள்ளூர் ஏலத்துக்குப் போக ஆரம்பித்தேன். பழைய கண்ணாடிச் சாமான், வெள்ளி, அலங்காரப் பொருள்கள் என்றால் எனக்கு உயிர். ஆனால் முதல் தடவையே சறுக்கிவிட்டேன். ஒரு டீபாட்டை வெள்ளி என்று நினைத்து 60 பவுண்டுக்கு எடுத்தேன். பில் 77 பவுண்டுக்கு வந்தது. வீட்டில் வந்து பார்த்தால் வெள்ளியும் இல்லை. என் கணவர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். எதைப் பார்த்து வாங்க வேண்டும்? பிள்ளைகளுக்கு இது ஒரு முதலீடாகுமா? ஊருக்குக் கொண்டுபோகலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: அவர் சிரிக்கட்டும். 77 பவுண்டில் முடிந்ததே, அதைச் சொல்லுங்கள். இந்தப் பழக்கம் உள்ளவர்களிடம் கேட்டால் இதைவிடப் பெரிய தொகைகளை முணுமுணுப்பார்கள்.

முதலில் பில். ஏலக்காரர் சுத்தியலைத் தட்டும்போது சொல்வது நீங்கள் கட்டும் விலை அல்ல. அதன்மேல் 'பையர்ஸ் பிரீமியம்' என்று ஏல நிறுவனத்தின் பங்கு வரும், அந்தப் பங்குக்கு 20 சதவீதம் வாட் வரியும் சேரும். உங்கள் கணக்கைப் பார்த்தால் அங்கே பிரீமியம் 24 சதவீதமாக இருந்திருக்க வேண்டும்: 60-க்கு 14.40, அதற்கு வரி 2.88, ஆக மொத்தம் 77.28. வீட்டிலிருந்தபடி இணையத்தில் கேட்டால் அந்தத் தளத்துக்கும் சில சதவீதம் போகலாம். அதனால் மனதில் ஒரு தொகையை முடிவுசெய்யும்போது கடைசியில் கட்டப்போகும் தொகையை வைத்து முடிவுசெய்து, அதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். 100 பவுண்டுதான் உங்கள் எல்லை என்றால், 24 சதவீதப் பிரீமியத்தில் 77-ஐத் தாண்டிக் கை தூக்கக் கூடாது.

சரி, டீபாட். நீங்கள் அதை ஏல நாளில்தான் முதன்முதலாகப் பார்த்தீர்கள் என்று ஊகிக்கிறேன். அங்கே ஒரு லாட்டுக்கு, அதாவது ஒரே எண்ணில் ஏலம் விடும் பொருளுக்கு, அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். அதற்குள் எவராலும் எதையும் சரிபார்க்க முடியாது. பொருளை வாங்குவதா வேண்டாமா என்பது, ஏலத்துக்கு முன் பொருள்களைப் பார்க்க விடும் பார்வை நாளிலேயே முடிவாகிவிட வேண்டும். அன்றைக்கு அலமாரியைத் திறக்கச் சொல்லலாம், கையில் எடுக்கலாம், திருப்பலாம், மூடியைக் கழற்றலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஒரு சிறிய பூதக்கண்ணாடி, சின்ன டார்ச், ஒரு பேனா, ஏலப் பொருள்களின் அட்டவணை, அவ்வளவு போதும். பிடித்த லாட்டுக்குப் பக்கத்தில் உங்கள் உச்ச விலையை எழுதிவிடுங்கள். அதை மறுநாள் மாற்றாதீர்கள்.

அந்த டீபாட்டின் அடியில் 'இ.பி.என்.எஸ்' என்ற நான்கு எழுத்துகள், ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கேடயத்துக்குள், பழைய பாணியில் பொறித்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஹால்மார்க் மாதிரியே இருக்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தார்கள். நிக்கல் சில்வர் மேல் வெள்ளி மின்முலாம் பூசியது என்று அர்த்தம். நிக்கல் சில்வர் நம் ஊர் ஜெர்மன் சில்வரேதான். செம்பு, துத்தநாகம், நிக்கல் உண்டு, வெள்ளி துளியும் கிடையாது. பர்மிங்ஹாமின் எல்கிங்டன் 1840-இல் மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு இந்தச் சாமான்கள் வீட்டுக்கு வீடு நுழைந்தன.

இங்கிலாந்து வெள்ளி என்றால் தேட வேண்டியது ஒரு காலைத் தூக்கி நடக்கும் சிங்கம். ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்பதற்கு 1544 முதல் அதுதான் அடையாளம். கூடவே ஊர் முத்திரை இருக்கும்: லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்குக் கிரீடம் (1975 முதல் ரோஜா). செய்த ஆண்டுக்கு ஓர் எழுத்து. எழுத்து வரிசை ஒரு சுற்று முடியும்போதெல்லாம் எழுத்தின் வடிவமும் கேடயத்தின் உருவமும் மாறும். இதற்கென்றே கைப்பைக்குள் அடங்கும் கையேடுகள் உண்டு, ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ராஜா அல்லது ராணியின் தலையும் சேர்ந்திருந்தால் வரி கட்டிய முத்திரை. பெரும்பாலும் 1784-க்கும் 1890-க்கும் இடைப்பட்டது.

முத்திரையைக் கண்டதும் நிறுத்திவிடாதீர்கள். மூடியிலும் முத்திரை இருக்கிறதா, உடம்பில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் வேறொரு டீபாட்டின் மூடியாக இருக்கலாம். பிறகு வெள்ளியின் மேல் வாயால் ஊதுங்கள். ஆவி படிந்த ஒரு நொடியில் பற்றவைத்த கோடுகள் பளிச்சென்று தெரியும். பழைய சொந்தக்காரரின் பெயரெழுத்தைத் தேய்த்து அழித்திருந்தால் அந்த இடம் மெலிந்திருக்கும், கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் உள்வாங்கும். மெழுகுவர்த்தித் தண்டுகளைக் கையில் எடுத்துவிட்டு எவ்வளவு கனம் என்று மலைக்க வேண்டாம். பல தண்டுகள் உள்ளே பிசினோ சுண்ணாம்புக் கலவையோ நிரப்பியவை. வெளியே இருப்பது காகிதம் போன்ற வெள்ளித் தகடு.

உங்களுக்கு ஒரு தனிச் சலுகை இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தையே எடுத்தேன். ஆங்கிலேயர் காலத்து இந்தியாவில் அரசாங்க முத்திரை முறை கிடையாது. பிரிட்டனில் ஹால்மார்க் இல்லாததை வெள்ளி என்று சொல்லி விற்பதற்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு. பழைய பொருள்களுக்கு விலக்கு இருந்தாலும், பல ஏல நிறுவனங்கள் வம்பு வேண்டாம் என்று அட்டவணையில் 'ஒயிட் மெட்டல்' என்று போட்டுவிடும். அந்தச் சொல்லைக் கண்டால் தாண்டிப் போகாதீர்கள். மதராஸில் செய்த 'சுவாமி' வேலைப்பாட்டு வெள்ளி அதற்குள் ஒளிந்திருக்கலாம். தெய்வ உருவங்களைத் தட்டிப் புடைத்தெடுத்த டீபாட், பால் குவளை, தட்டு எல்லாம் அண்ணா சாலையில் கடிகாரத்தோடு நிற்கும் பி. ஆர் அண்ட் சன்ஸ் மூலம் பெயர் பெற்றவை. 1875-76-இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்துபோன பிறகு அதற்கு மவுசு இன்னும் கூடியது. அதிகாரிகளும் வியாபாரிகளும் ஊர் திரும்பும்போது கொண்டுபோனவை இன்று பேரப்பிள்ளைகள் வீடுகளைக் காலி செய்கையில் ஏலத்துக்கு வருகின்றன. அடியில் 'ஆர்' (Orr) என்ற கடைப்பெயரின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அட்டவணை எழுதியவர் 'இந்து தெய்வங்கள்' என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருப்பார். எது கூர்மாவதாரம், எது நரசிம்மம், யார் கையில் வேல் என்பது உங்களுக்கு ஒரு பார்வையில் தெரியும். வேலைப்பாடு சுத்தமா, முகங்கள் தேய்ந்திருக்கின்றனவா என்பதையும் நீங்கள்தான் நன்றாகச் சொல்ல முடியும். இதுவே உங்கள் சேகரிப்பின் திசையாக இருக்கலாம் என்பது என் ஆசை. கண்டதையெல்லாம் வாங்குகிறவர்கள் வீடு மூன்றே வருடத்தில் கிடங்காகிவிடும்.

கண்ணாடி வேறு சமாசாரம். அதில் முத்திரை அபூர்வம், விரலைத்தான் நம்ப வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கோப்பையின் விளிம்பைச் சுற்றித் தடவுங்கள். கண்ணுக்குத் தப்பும் சில்லுகள் விரலுக்குத் தப்பாது. விளிம்பு சந்தேகப்படும்படி தட்டையாக, கூர்மையாக இருந்தால் உடைந்ததைத் தேய்த்துச் சரிசெய்திருக்கலாம். 18-ஆம் நூற்றாண்டுக் கோப்பைகளில் பாதம் பெரும்பாலும் கிண்ணத்தின் வாயைவிட அகலமாகவோ சமமாகவோ இருக்கும். குறுகலாக இருந்தால் பாதத்தைச் செதுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஊதிச் செய்ததன் அடியில் பெரும்பாலும் இரும்புக் கம்பியிலிருந்து முறித்தெடுத்த தழும்பு இருக்கும். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய மேடு ஓடினால் அது அச்சில் செய்தது. அச்சுக் கண்ணாடி மட்டம் என்று சொல்லவில்லை, விலைதான் வேறு.

டிகேன்டர் (மது ஊற்றிவைக்கும் கண்ணாடிக் குடுவை) வாங்கும்போது அடைப்பானைத் திருகிப் பாருங்கள், ஆடாமல் உட்கார வேண்டும். நல்லவற்றில் அடைப்பானிலும் கழுத்திலும் ஒரே எண்ணைக் கீறியிருப்பார்கள். உள்ளே பால் படிந்தாற்போல் வெள்ளையாக இருந்தால் அது பெரும்பாலும் கழுவினால் போகும் அழுக்கு அல்ல. நீர் தேங்கித் தேங்கிக் கண்ணாடியே அரிபட்டது. அரிசியோ வினிகரோ எதுவும் அதைத் தீர்க்காது. உள்புறம் ஈரமாக இருக்கும் டிகேன்டரைக் கண்டால் காய்ந்தபின் பாருங்கள், ஈரம் அந்த மங்கலை மறைத்துவிடும். இன்னொன்று: பழைய கிரிஸ்டலில் ஈயம் உண்டு. பரிமாறும் நேரத்துக்கு ஊற்றலாம், நாள்கணக்கில் வைக்கக் கூடாது. அழகாக இருக்கிறதே என்று பட்டை வெட்டிய கட் கிளாஸ் கிண்ணத்தில் எலுமிச்சை ஊறுகாய் போட்டுவைக்கும் யோசனை இருந்தால் இப்போதே கைவிடுங்கள்.

முதலீடு பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன்: இல்லை. வெள்ளிக்கு மட்டும் உருக்கினால் கிடைக்கும் விலை என்று ஒரு தரை உண்டு. எடையை (ட்ராய் அவுன்ஸ், 31.1 கிராம்) 0.925-ஆல் பெருக்கி அன்றைய விலையால் பெருக்கினால் கிட்டத்தட்ட அது வரும். நீங்கள் கடைசியில் கட்டும் தொகை அதற்குப் பக்கத்தில் இருந்தால் பெரிய நஷ்டம் வராது. கண்ணாடிக்கு அந்தத் தரையும் இல்லை. உங்கள் பிள்ளைகளிடம் ஒரு டஜன் கட் கிளாஸ் கோப்பையைக் காட்டுங்கள், டிஷ்வாஷரில் போடலாமா என்றுதான் முதலில் கேட்பார்கள். போடக் கூடாது. அப்புறம் அவர்களுக்கு அது எதற்கு?

ஊருக்குக் கொண்டுபோவதில் இரண்டு விஷயம். வெள்ளி டீபாட்டின் கைப்பிடியில் மேலும் கீழும் வெள்ளை வளையம் போல இருந்தால் அது தந்தமாக இருக்கலாம், சூடு ஏறாமலிருக்க வைத்தது. பிரிட்டனில் தந்தச் சட்டம் 2022 ஜூனிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 1947-க்கு முந்தைய, பத்து சதவீதத்துக்கும் குறைவாகத் தந்தம் உள்ள பொருளைக்கூடப் பதிவுசெய்துதான் விற்க முடியும். பார்வை நாளில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தியாவுக்கு அதை எடுத்துப்போகும் எண்ணமே வேண்டாம். தந்தம் இல்லாத மற்றப் பொருள்கள், 100 வருடத்தைக் கடந்தவை, இந்தியாவுக்குள் ஒருமுறை போய்விட்டால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரலாம், மறுபடி வெளியே எடுத்துவருவது லேசு அல்ல. எதைக் கொண்டுபோனாலும் லாட் எண்ணும் விவரமும் உள்ள ஏலப் பில்லைத் தூக்கிப் போடாமல், பொருளின் படத்தோடு சேர்த்து வைத்திருங்கள். சுங்கத்தில் அதைக் கேட்கலாம்.