சுறாப் பல் தேடுவோர் கேட்டவை

மண்ணில் புதைந்து புதைபடிவமான பழங்காலச் சுறாப் பற்களைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை மதுரையில் கூடிய நண்பர்கள் கேட்டவையும் நான் சொன்ன பதில்களும்.

வாடிப்பட்டி நண்பர்: அண்ணே, யானைமலை அடிவாரத்தில் சுறாப் பல் கிடைக்குமா?

கிடைக்காது தம்பி. யானைமலை, சமணர்மலை எல்லாம் பூமிக்கு அடியில் பெரும் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை. வயது 50 கோடி ஆண்டுக்கு மேல். கடலில் படிந்த மண் வேண்டுமென்றால் பெரம்பலூர், அரியலூர் பக்கம் போக வேண்டும். இங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர்.

மேலூர் ஆசிரியை: அங்கே என்ன சுறா இருந்தது? பல் மட்டும் ஏன் மிஞ்சுகிறது?

நல்ல கேள்வி, டீச்சர். சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பு. செத்ததும் பெரும்பாலும் அழுகிவிடும். பல் அப்படியில்லை, மேலே எனாமல் போன்ற கெட்டியான பூச்சு. அதோடு சுறாவுக்குப் பல் விழ விழ பின்வரிசை முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரே சுறா வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் உதிர்க்கும்.

பெரம்பலூர் பக்கம் காரை கிராமத்துக் களிமண் மேடுகள் சுமார் 10 கோடி ஆண்டு முந்தைய கடலடி. அங்கே ஸ்குவாலிகோராக்ஸ் பல் வரும். ஓரம் ரம்பம் போலிருக்கும், சதையை அறுத்துத் தின்ற சுறா. டைகோடஸ் என்ற இன்னொரு சுறாவின் பல் பல்லாகவே தெரியாது, வரி வரியாக மேடுள்ள தட்டையான கட்டி. சிப்பியை நொறுக்கித் தின்றது அது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சாப்பாடு எப்படிப் பல்லைச் செதுக்குகிறது என்று அப்போது புரியும். வெயிலில் அங்கே மின்னுவதெல்லாம் பல் இல்லை, பெரும்பாலும் ஜிப்சம் என்ற கனிமம். குனிந்து, மெதுவாகப் பாருங்கள்.

எடுத்த இடத்தையும் தேதியையும் அங்கேயே காகிதத்தில் எழுதி அந்தப் பையிலேயே போடுங்கள். இடம் தெரியாத பல்லை வைத்து ஆராய்ச்சி செய்ய முடியாது.

செல்லூர்: விலை எவ்வளவு போகும்?

விற்பதற்கு நான் உதவ மாட்டேன்.

திருமங்கலம்: மெகலோடான் என்ற ராட்சதச் சுறாவின் பல் அரியலூரில் உண்டா?

இல்லை. அந்தப் பாறை அதைவிட மிகப் பழசு. மெகலோடான் அழிந்தே சுமார் 36 லட்சம் ஆண்டுதான் ஆகிறது. ஒடிசாவில் பாரிபதா பக்கம் அதன் பல் கிடைத்திருக்கிறது.

கே.கே. நகர் ஐயா: தென்மதுரையைக் கடல் கொண்டது என்று இறையனார் களவியல் என்னும் பழைய இலக்கண நூலின் உரையே சொல்கிறது. அப்படியிருக்க இங்கே சுறாப் பல் இல்லை என்று எப்படிச் சொல்லலாம்?

ஐயா, அந்த உரை சொல்லும் தென்மதுரை இந்த மதுரை இல்லை. அது பாண்டியர் சங்கம் வைத்த காலத்துக் கதை, மனிதர் காலம். நான் சொல்வது மனிதரே இல்லாத கோடி ஆண்டுக் கணக்கு.

அதே ஐயா: கடல் வந்தால் சுவடு இருக்காதா?

இருக்கும். கடல் வந்தால் மணலும் சிப்பியும் களிமண்ணும் அடுக்காகப் படியும். யானைமலைப் பாறையில் அப்படி ஓர் அடுக்கு காட்டுங்கள், நாளைக்கே சுத்தியலோடு வருகிறேன். தமிழ் மேல் உங்களுக்குள்ள பற்று எனக்கும் உண்டு. ஆனால் பாறையின் சாட்சியைப் பாறையிடம்தான் கேட்க வேண்டும்.

(இதிலேயே அரை மணி நேரம் போயிற்று. மூன்று பேர் ஐயா பக்கம், இரண்டு பேர் என் பக்கம்.)

அவனியாபுரம்: வினிகரில் ஊறவைத்துச் சுத்தம் செய்யலாமா?

கூடாது! அமிலம் பல்லையே அரிக்கும், முதலில் வேரை. தண்ணீர், மென்மையான பழைய பிரஷ், பொறுமை. அது போதும்.

ஆனையூர்: கருப்பாக இருந்தால் ரொம்பப் பழசா?

நிறம் வயது சொல்லாது. புதைந்த மண்ணிலிருந்த தாது ஏறிய நிறம் அது.

பழங்காநத்தம்: ஒரு பல் என்ன விலைக்குப் போகும்?

மேலே சொல்லிவிட்டேன்.

சிம்மக்கல்: சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் நிறைய கிடைக்குமாமே?

அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். வெடி வைக்கும் இடம், ஓரம் சரியும். எடுத்ததன் இடத்தை எழுதுங்கள், மறுபடியும் சொல்கிறேன்.

ஒத்தக்கடைச் சிறுமி: மாமா, சுருள் சுருளா ஒரு கல் வச்சிருக்கேன். அதுவும் சுறாவா?

இல்லம்மா, படத்தைப் பார்த்தால் அம்மோனைட் மாதிரி இருக்கிறது, சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த பழங்காலக் கடல் உயிரி. அது என் துறை இல்லை. அரியலூர் பக்கம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அப்பாவோடு போ, கல்லையும் எடுத்துக்கொண்டு போ.