‘நார்க்’ – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டன் குற்றவுலகம் பற்றிய ஆங்கில நாவல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். போலீசுக்கு ரகசியமாகத் தகவல் சொல்பவனை அதில் ‘நார்க்’ என்கிறார்கள். வேறோர் இடத்தில், மனைவிமேல் எரிச்சலுற்றவனை ‘நார்க்ட்’ என்கிறார்கள். இரண்டும் ஒரே சொல்லா? போதைப்பொருள் தடுப்பு அதிகாரியைக் குறிக்கும் அமெரிக்கச் சொல்லே மூலம் என்கிறார் நண்பர். தமிழில் என்ன போடலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொல்வதில் காலக்கணக்கு உதைக்கிறது. அமெரிக்காவின் மத்தியப் போதைப்பொருள் பணியகம் தொடங்கியதே 1930இல்தான். லண்டனில் ‘நார்க்’ 19ஆம் நூற்றாண்டிலேயே புழங்கிய சொல். அமெரிக்கச் சொல், போதைப்பொருள்களைக் குறிக்கும் ‘நார்கோடிக்ஸ்’ என்பதன் குறுக்கம். ஒலியும் பொருளும் நெருங்கி வருவதால் பின்னாளில் இரண்டும் கலந்துவிட்டன.

லண்டன் சொல்லின் வேர், ஜிப்சிகள் பேசும் ரோமானி மொழியில் மூக்கைக் குறிக்கும் ‘நாக்’ என்று அகராதிகள் ஊகிக்கின்றன. இந்தியிலும் மூக்கு ‘நாக்’தானே. ஊகம்தான் என்றாலும் எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. மூக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே திருடர்கள் அதற்கு முன்பு உளவு சொல்பவனுக்கு வைத்திருந்தார்கள்.

எரிச்சல் எங்கிருந்து வந்தது? பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தின் முதல் அங்கத்தைப் படித்துப் பாருங்கள். மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தில் ஒருவர், பூ விற்கும் பெண்ணின் பேச்சை நோட்டில் குறித்துக்கொள்கிறார். அவள் பதறி அழுகிறாள். அவரைப் போலீசின் ‘நார்க்’ என்று அவள் நினைத்துவிட்டதாகப் பக்கத்தில் நிற்பவர் சமாதானம் சொல்கிறார். அப்படியென்றால் என்ன என்று குறிப்பெடுத்தவர் கேட்டதும், பக்கத்தில் நிற்பவர் விளக்கத் தடுமாறி, கடைசியில் தகவல் சொல்பவன் மாதிரி என்கிறார். குறிப்பெடுத்தவர் உண்மையில் ஒலியியல் அறிஞர். போலீஸ் இல்லை என்று தெரிந்த பிறகும் கூட்டம் அடங்குவதில்லை. பேச்சை வைத்தே ஒவ்வொருவரின் ஊரையும் அவர் சொல்லச் சொல்ல, இவருக்கு என்ன வந்தது என்று சீறுகிறார்கள். காட்டிக்கொடுக்காவிட்டாலும், அடுத்தவர் காரியத்தில் மூக்கை நுழைப்பவன் எரிச்சலைத்தான் கிளப்புவான். இரண்டு பொருளும் இங்கேதான் கைகோக்கின்றன என்பது என் எண்ணம். ஆஸ்திரேலியாவில், கூடிக் களிக்கும் இடத்தில் உற்சாகத்தைக் கெடுப்பவனும் ‘நார்க்’தான்.

‘உளவாளி’ வேண்டாம், அதில் ஒரு வீரச்சாயல் ஒட்டியிருக்கிறது. ‘ஆள்காட்டி’ என்று போடுங்கள். வேடன் வருவதைக் கத்திக் காட்டிக்கொடுக்கும் ஆள்காட்டிக் குருவி நம் வயல்வெளிகளில் உண்டு. அந்த ஓயாத கூச்சல் வேடனுக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கும்! ஆனால் ‘நார்க்ட்’ வரும் இடத்தில் இந்தச் சொல்லை இழுக்காதீர்கள், ‘எரிச்சலுற்றான்’ போதும். இன்ஸ்பெக்டர் தன் ஆளைப் பற்றிப் பேசும்போது ‘தகவலாளி’ என்பதே பொருந்தும். திருடர்கள் வாயில் மட்டும் ‘ஆள்காட்டி’ வரட்டும்.

அன்புடன்