கட்டை விரல் நிற்கக் கூடாது: கித்தார் கேள்வி–பதில்

சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஃபிங்கர்ஸ்டைல் (விரல்களால் கம்பிகளைக் கிள்ளி வாசிக்கும் முறை) கித்தார் பழகும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த மாதம் பதில் சொல்கிறோம். கம்பி எண்ணிக்கையில் குழப்பம் வராமல் இருக்க ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: தடித்த கம்பி 6, மெல்லிய கம்பி 1.

*‘ஃப்ரைட் டிரெயின்’ பாட்டைத் தாளைப் பார்த்துப் பழகுகிறேன். கட்டை விரலை மட்டும் ஓட்டினால் சரியாக ஓடுகிறது. மெட்டைச் சேர்த்தால் தடுமாறி நின்றுவிடுகிறது. தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் முன்னேற்றம் இல்லை.*
— சுங்கை சிப்புட் வாசகர்

ஃபிங்கர்ஸ்டைல் பழகுகிறவர்களில் பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். அதனால் விரிவாகவே சொல்கிறோம். அமெரிக்க நாட்டுப்புறக் கலைஞர் எலிசபெத் காட்டன் சிறுமியாக இருந்தபோது உருவாக்கிய பாட்டு இது. சி சுருதியில் வாசித்தால் சி, ஜி7, ஈ7, எஃப் என்று நாலு கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) அடங்கிவிடும். இடது கைக்குச் சிரமமே இல்லை. சிரமமெல்லாம் வலது கையில்: கட்டை விரல் தாளத்தைப் பிடிக்கிறது, மற்ற விரல்கள் மெட்டைப் பாடுகின்றன. மெட்டின் பாதி சுரங்கள் தாளத்தின் மேல் விழாமல் இரண்டு தட்டுகளுக்கு நடுவே விழுகின்றன. அந்த இடத்தில் கட்டை விரல் தன்னை அறியாமல் விரலுக்காகக் காத்திருக்கிறது. நீங்கள் சொல்லும் தடுமாற்றம் இதுதான்.

முதலில் மெட்டை ஒதுக்கி வையுங்கள். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை 60-ல் வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் கட்டை விரலால் ஒரு அடி. சி கார்டுக்கு 5-4-5-4, ஜி7, ஈ7 இரண்டுக்கும் 6-4-6-4, சின்ன எஃப் பிடித்தால் 4-3-4-3. உள்ளங்கையின் ஓரத்தைச் சேடல் (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் மெல்லிய பட்டை) மேல் லேசாகச் சாய்த்து, தடித்த மூன்று கம்பிகளின் ஒலியைப் பாதி அடக்குங்கள். கை அதிகமாக முன்னே வந்தால் சுரமே கேட்காது, வெறும் ‘டொக்’தான் வரும், மூன்று நாலு மில்லிமீட்டர் போதும். கட்டை விரல் மற்ற விரல்களுக்கு முன்னால், கழுத்துப் பக்கமாக இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீட்டி இருக்க வேண்டும். உள்ளங்கைக்குள் மடங்கினால் சுட்டு விரலோடு இடித்துக்கொள்ளும்.

கட்டை விரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் வீட்டு முகவரியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பேச்சு தடைப்பட்டாலோ விரல் நின்றாலோ, மெட்டைச் சேர்க்க நேரம் இன்னும் வரவில்லை. இந்தச் சோதனையில் தேறாமல் அடுத்த படிக்குப் போகிறவர்கள்தான் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறார்கள்.

அடுத்தது ‘தகதிமி’. வாய்விட்டுச் சொல்லுங்கள். கட்டை விரல் ‘த’விலும் ‘தி’யிலும் விழும். முதல் நாள் நடுவிரலால் முதல் கம்பியை ‘த’வில் மட்டும், கட்டை விரலோடு சேர்த்துக் கிள்ளுங்கள். அது உறுதியான பிறகு ‘மி’யில் மட்டும். அதன் பிறகு ‘க’வில் மட்டும். இந்த ‘க’தான் பலருக்கும் கைகொடுக்காது; அதற்கே ஒரு வாரம் ஒதுக்கினாலும் தப்பில்லை. மூன்றும் கைக்கு வந்துவிட்டால் இந்த வகைப் பாட்டில் வரும் மெட்டு எதுவானாலும் இவற்றின் கலவைதான்.

இனிமேல் தாளை எடுக்கலாம். மெட்டை முதலில் வாயால் பாடுங்கள். பாட வராத மெட்டு விரலுக்கும் வராது. இரண்டு பார் (தாளச் சுற்று) மட்டும் எடுத்து, தொடர்ந்து ஐந்து முறை பிசகில்லாமல் வந்த பிறகு வேகத்தை 4 கூட்டுங்கள். வாசிக்கும்போது பிசகினால் மெட்டுச் சுரத்தை விட்டுவிடுங்கள், கட்டை விரலை நிறுத்தாதீர்கள். மெட்டில் ஒரு சுரம் விழுந்தால் கேட்கிறவர் கவனிக்க மாட்டார். பேஸ் (கட்டை விரலின் கீழ்ச்சுர ஓட்டம்) நின்றால் பாட்டே நின்றதுபோல் இருக்கும். கைப்பேசியில் பதிவு செய்து, கண்ணை மூடிக்கொண்டு பேஸை மட்டும் கேளுங்கள். எந்த இடத்தில் தயங்குகிறது என்று தெரிந்துவிடும்.

*செம்பனை ஆலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். வலது கை நகம் ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. நகம் இல்லாமல் ஃபிங்கர்ஸ்டைல் முடியுமா?*
— தோட்டத்து வாசகர்

தாராளமாக முடியும். இரும்புக் கம்பி நல்ல நகத்தையே அரைத்துத் தேய்த்துவிடும். உங்கள் வேலையில் நகம் வளர்ப்பது வீண் போராட்டம். விரல் நுனிச் சதையால் வாசித்தால் ஒலி சற்று அடங்கி, கனமாக வரும். கம்பியை மேலே தூக்கி இழுக்காதீர்கள், அது பிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) மோதிச் சடசடக்கும். நுனியால் பலகைப் பக்கம் சற்று அழுத்தி, உள்ளங்கை நோக்கி விடுங்கள்.

பேஸுக்குக் கூர்மை வேண்டுமென்றால் கட்டை விரலுக்கு மட்டும் பிளாஸ்டிக் தம்ப்பிக் (கட்டை விரலில் மாட்டும் வளைய மீட்டி) மாட்டுங்கள். தளர்வாக இருந்தால் சுழலும், இறுக்கமாக இருந்தால் விரல் மரத்துப்போகும். வெந்நீரில் சில விநாடி போட்டு எடுத்தால் இளகும். விரலில் மாட்டி அளவுக்கு வளைத்துக்கொள்ளலாம். நுனி நீளமாக இருந்தால் அடுத்த கம்பியில் சிக்கும், வெட்டி உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். விரல் எண்ணிக்கை பற்றியும் கவலை வேண்டாம். அமெரிக்கக் கித்தார் கலைஞர் மெர்ல் டிராவிஸ் தம்ப்பிக்கோடு பெரும்பாலும் சுட்டு விரல் ஒன்றைத்தான் பயன்படுத்தினார். இன்னொரு அமெரிக்கக் கலைஞரான ரெவரண்ட் கேரி டேவிஸும் கட்டை விரல், சுட்டு விரல் இரண்டால்தான் வாசித்தார்.

*வாங்கிய புதிதில் அழுத்தச் சுலபமாக இருந்த கித்தார், மழைக்காலத்துக்குப் பிறகு 7-வது பிரெட்டுக்கு மேல் அழுத்தவே முடியவில்லை. கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை (டிரஸ் ராட்) முறுக்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள். முறுக்கலாமா?*
— லிந்தாங் வாசகி

அவசரப்பட வேண்டாம் அக்கா. கம்பி உயர்வதற்குக் காரணம் மூன்று: கழுத்து வளைந்திருக்கலாம், மேல்பலகை ஈரம் குடித்து உப்பியிருக்கலாம், மேல்பலகையில் கம்பிகளைப் பிணைக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து கிளம்பியிருக்கலாம். முறுக்குவது முதல் காரணத்துக்கு மட்டுமே மருந்து.

கேப்போவை (கழுத்தில் மாட்டிக் கம்பிகளை அழுத்தும் கவ்வி) முதல் பிரெட்டில் மாட்டி, 6-வது கம்பியைக் கழுத்து உடலோடு சேரும் பிரெட்டில் (பெரும்பாலும் 14) அழுத்திப் பிடியுங்கள். 7-வது பிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். சாதாரண ஏ4 தாள் இரண்டு உரசிக்கொண்டு நுழையும் அளவு. அதைவிட நன்றாகக் கூடுதலாக இருந்தால் கழுத்து வளைந்திருக்கிறது: சரியான அளவு ஆலன் சாவியால் வலப்பக்கமாகக் கால் சுற்று மட்டும் திருப்பி, மறுபடி அளந்து பாருங்கள். சாவி இறுகிக்கொண்டால் பலம் போடக் கூடாது. கழுத்துக்குள் இருக்கும் அந்த இரும்புக் கம்பி முறிந்தால் பழுது பார்க்கும் செலவில் வேறு கித்தாரே வாங்கலாம்.

இடைவெளி சரியாக இருந்தும் கம்பி உயரமாக நின்றால், பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே போனால் ஒட்டு விட்டிருக்கிறது. கம்பிகளை உடனே தளர்த்துங்கள். 12-53 தடிமன் கம்பி ஒரு செட் மொத்தம் 70 கிலோவுக்கு மேல் இழுக்கிறது, நாள் தள்ளினால் முழுதாகப் பெயர்ந்துவிடும். சூப்பர் குளூ ஊற்றிவிடாதீர்கள்; பிறகு பழுது பார்ப்பவர் அதைச் சுரண்டி எடுக்கவே பாதி நாள் போகும்.

தாள் நுழையவில்லை என்றால் உப்பிய பலகைதான் காரணம். மரக் கித்தாருக்கு 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் ஏற்றது. நம் ஊர்க் காற்றில் 80-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். கெட்டிப் பெட்டிக்குள் சின்ன ஈரப்பதமானி ஒன்றும், துணிப்பையில் கால் கிலோ சிலிக்கா ஜெல்லும் வையுங்கள். ஆரஞ்சு நிற வகை ஈரம் குடித்தால் பச்சையாகும். அடுப்புப் பெட்டியில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும். இரண்டு மூன்று வாரத்தில் பலகை ஓரளவு இறங்கும். அதற்குப் பிறகே அளவெடுங்கள். 12-வது பிரெட்டில் 6-வது கம்பி 2.5, முதல் கம்பி 2 மில்லிமீட்டர் உயரம் இருந்தால் கைக்கு இதம். இன்னும் அரை மில்லிமீட்டர் இறக்க வேண்டுமானால் சேடலின் அடிப்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து, நேராகப் பிடித்துத் தேயுங்கள். அடி கோணலானால் பிக்கப் (கம்பி அதிர்வை மின்னொலியாக்கும் கருவி) உள்ள கித்தாரில் ஒரு கம்பி உரக்கவும் ஒரு கம்பி மெலிந்தும் கேட்கும்.

*மகனுக்கு 9 வயது, இடது கைப் பழக்கம். கம்பியை மாற்றிக் கட்டிக் கொடுக்கலாமா?*
— கோலகங்சார் வாசகர்

கம்பியை மட்டும் மாற்றாதீர்கள். இரும்புக் கம்பிக் கித்தாரில் சேடல் சாய்வாக இருக்கும். திருப்பிக் கட்டினால் மேல் பிரெட்டுகளில் சுருதி விலகும். கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டின் பள்ளங்களும் தடித்த கம்பிக்குப் போதாது. புதிதாகப் பழகுபவனுக்கு இரண்டு கையுமே புதுசு. அதனால் சில வாரம் வலது கைக் கித்தாரிலேயே விட்டுப் பாருங்கள். பிடிவாதமாகத் திருப்பிப் பிடித்தால் இடது கைக் கித்தாரே வாங்கிவிடுங்கள். முக்கால் அளவு, நைலான் கம்பி. மேலே சொன்ன எலிசபெத் காட்டன் இடது கைக்காரர்தான். கம்பியை மாற்றாமலே கித்தாரைத் தலைகீழாகப் பிடித்து, பேஸை விரல்களாலும் மெட்டைக் கட்டை விரலாலும் வாசித்தார். அபாரமான வாசிப்பு அது. ஆனால் கடையில் கிடைக்கும் பாடத்தாள் எதுவும் அந்த முறைக்குப் பொருந்தாது.

*டி-ஏ-டி-ஜி-ஏ-டி சுருதி வைத்தால் கம்பி அறுந்துவிடுமா? கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரியும், அதற்கு உதவுமா?*
— கல்லூரி மாணவி, ஈப்போ

அறுந்துவிடாது; மூன்று கம்பிகளை இறக்கத்தான் போகிறீர்கள், எதையும் ஏற்றுவதில்லை. 6, 2, 1 மூன்றையும் ஒரு முழுச் சுரம் இறக்க வேண்டும். 4-வது கம்பியை மீட்டி, அதற்குக் கீழ் ஸ்தாயியில் 6-ஐயும் மேல் ஸ்தாயியில் 1-ஐயும் சேருங்கள். 5-வதற்கு மேல் ஸ்தாயியில் 2-ஐச் சேருங்கள். வேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே இறக்கிவிட்டு மேலே ஏற்றி நிறுத்தினால் நழுவாது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி சரிபாருங்கள். 6-வது கம்பி தொளதொளவென்று சடசடத்தால் சற்று மென்மையாகத் தட்டுங்கள்.

1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கித்தார் கலைஞர் டேவி கிரகாம் பரவலாக்கிய சுருதி இது. டி-யை ஸட்ஜமாக வைத்துப் பாருங்கள்: ச ப ச ம ப ச. தம்பூரா மடியிலேயே இருக்கிறது. கட்டை விரல் 6, 5, 4-ஐ மாறி மாறி மீட்டட்டும். முதல் கம்பியில் 0, 2, 4, 7, 9, 12 பிரெட்டுகள் மோகனம். 5-ஐயும் 11-ஐயும் சேர்த்தால் சங்கராபரணம். உங்களுக்குத் தெரிந்த கீதம் ஒன்றை இதில் எடுத்துப் பழகினால் கட்டை விரலும் பழகும், காதும் பழகும்.

*ஸ்பானிய ‘ரொமான்ஸ்’ இசையை இரும்புக் கம்பியில் வாசிக்கிறேன். 7-வது பிரெட் பார் பிடியில் (சுட்டு விரலைப் படுக்க வைத்துப் பல கம்பிகளை அழுத்தும் பிடி) சுண்டு விரல் 11-ஐ எட்டவில்லை.*
— பெயர் வேண்டாம்

அந்த இடைவெளி ஏறக்குறைய 9 சென்டிமீட்டர், எல்லாருக்கும் சிரமம்தான். பாரைப் பிடித்துவிட்டுச் சுண்டு விரலை நீட்டாதீர்கள். சுண்டு விரலை 11-ல் முதலில் ஊன்றி, அதன் பிறகு சுட்டு விரலைப் பின்னோக்கிச் சாய்த்து 7-ல் படுக்க வையுங்கள். இடது கட்டை விரல் கழுத்தின் பின்னால் நடுவுக்குக் கீழே இறங்கட்டும். வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். கேப்போவை 2-ல் மாட்டி, அங்கிருந்து எண்ணிப் பழகினால் இடைவெளி குறையும். விரல் இளகியதும் கழற்றிவிடலாம்.

*தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஒரு நிகழ்ச்சியில் தனியாக வாசிக்கக் கேட்டிருக்கிறார்கள். போன முறை ஒலிபெருக்கி ஊளையிட்டே கெடுத்தது.*
— சுங்கை சிப்புட் இளைஞர்

தம்பி, ஊளைக்குக் காரணம் பெரும்பாலும் கித்தாரின் வயிறு. பெரிய உடல் கித்தார் சுமார் 100 ஹெர்ட்ஸில் தானாக அதிரும். ஒலிபெருக்கி அதைத் திருப்பி ஊட்டினால் ஊளைதான். ஒலித்துளைக்கு ரப்பர் மூடி போடுங்கள், ஒலிப்பலகையில் 100 முதல் 200 வரை குறைக்கச் சொல்லுங்கள், ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே உட்காராதீர்கள். பிக்கப் இல்லையென்றால் மைக்கை 12-வது பிரெட் நோக்கி 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். துளைக்கு நேராக வைத்தால் முழக்கம்தான் மிஞ்சும்.

புதுக் கம்பியை இரண்டு மூன்று நாள் முன்பே மாட்டிவிடுங்கள். குளிரூட்டிய மண்டபம் என்றால் அரை மணி நேரம் முன்னதாகப் போய்ப் பெட்டியைத் திறந்து வையுங்கள், குளிரில் கம்பி சுருங்கிச் சுருதி ஏறும். முதல் பாட்டு கை சூடேறாமலே வாசிக்கக்கூடியதாக இருக்கட்டும். மேடையில் எல்லாருக்கும் வேகம் கூடும். எனவே ஆரம்பிக்கும் முன் மனதுக்குள் இரண்டு பார் தாளம் போட்டுவிட்டுக் கையை வையுங்கள். கடைசியாக 9 வோல்ட் பேட்டரி: பல கித்தார்களில் கேபிளைச் செருகினாலே உள்ளிருக்கும் ப்ரீஆம்ப் (பிக்கப்பின் ஒலியைப் பெருக்கும் சுற்று) இயங்கத் தொடங்கிவிடும். ஒத்திகை முடிந்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள், பையில் ஒரு புதுப் பேட்டரியும் இருக்கட்டும்.