ஓடும் டிரெய்லரில் தீ: குதிரைக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

என் டிரெய்லரில் அடுப்பு இல்லை, எரிவாயு இல்லை, இரண்டு விளக்குகள்தான். தீப்பிடிக்க அதில் என்ன இருக்கிறது?

சக்கரம் இருக்கிறதே! பேரிங்கில் கிரீஸ் வற்றினால் இரும்போடு இரும்பு உரசும். சக்கரத்தின் நடுக்குடமான ஹப் பழுக்கும், மிச்சமிருக்கும் கிரீஸ் பற்றும், அதிலிருந்து டயர் பற்றும். டயருக்கு மேலே பலகைத் தளம். அதன்மேல் உங்கள் குதிரை நிற்கிறது. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டாலும் இதே கதைதான். டிரெய்லர் கழன்று ஓடினால் தானாக பிரேக் பிடிப்பதற்கென்று ஒரு கம்பி இருக்குமே, அதன் முள் பாதி வழியில் உருவிக்கொண்டால் டிரெய்லரின் பிரேக் இறுகிவிடும். இழுக்கும் வண்டி வலுவானதாக இருந்தால் ஓட்டுநருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

புறப்பட்ட அரை மணி நேரத்தில் ஒருமுறை, பிறகு நிறுத்தும் இடத்திலெல்லாம் இறங்கிச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு ஹப்பின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். எடுத்த எடுப்பில் தொட வேண்டாம். சூடு எவ்வளவு என்பதைவிட, நான்கும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்பதுதான் முக்கியம். ஒருமுறை கோவேறு கழுதைகளுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தியபோது மூன்று ஹப்புகள் வெதுவெதுப்பாக இருந்தன. நான்காவதை நெருங்கும்போதே அனல் அடித்தது. குனிந்து பார்த்தேன்: சக்கரத்தின் உட்புறம் முழுவதும் கிரீஸ் விசிறியடித்த கறுப்புக் கோடுகள். இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டியிருந்தால் இந்தப் பதிலை வேறு மாதிரி எழுதியிருப்பேன். பேரிங்கைக் கழற்றித் துடைத்து, ஆண்டுக்கு ஒருமுறை புது கிரீஸ் அடையுங்கள். நெடுந்தூரம் ஓடும் வண்டியென்றால் 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை.

டயரையும் விடாதீர்கள். காற்று குறைந்த டயர் நசுங்கி நசுங்கிச் சுழன்றே சூடேறும். பட்டன் தேயவில்லை என்று பத்து வருட டயரில் குதிரையை ஏற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். ரப்பர் நின்ற இடத்திலேயே மூப்படையும். ஆறு வயதைத் தாண்டியதை மாற்றிவிடுங்கள்.

தீயணைப்பான் எது வாங்குவது, எங்கே வைப்பது?

பல வகைத் தீக்கும் பொதுவான ஏபிசி வகை உலர் தூள், இரண்டு. ஒன்று ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில். மற்றொன்று டிரெய்லரில், வெளியே நின்றபடியே எடுக்கக்கூடிய இடத்தில். சேண அறைக்குள் வைத்துப் பூட்டினால் சாவியைத் தேடும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். தூள் டயர் தீயைச் சற்று அடக்கும், ஆனால் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் ரப்பர் மறுபடி பற்றிக்கொள்ளும். அதற்கு நிறையத் தண்ணீர் வேண்டும். குதிரைகளுக்குக் குடிக்கக் கொண்டுபோகும் தண்ணீர் கேன்களைக் கடைசிச் சொட்டு வரை காலியாக்காமல் ஓட்டுவது என் பழக்கம்.

புல் கட்டுகளை டிரெய்லரின் கூரையில் ஏற்றலாமா?

வேண்டாம். எதிரே போகிறவர் வீசும் ஒரு சிகரெட் துண்டு போதும். ஓடும் வண்டியின் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். திறந்த ஜன்னல்களுக்கும் இதையே சொல்வேன்: வலை இல்லாத ஜன்னல் வழியாகக் கங்கு நேராக வைக்கோல் படுக்கையில் வந்து விழும். உங்கள் ஓட்டுநர் புகைப்பவராக இருந்தால் அவர் வீசுவதும் அங்கேதான் போய்ச் சேரும்.

காய்ந்த புல்வெளியில் நிறுத்தி ஓய்வெடுப்பது சரியா?

இல்லை. சைலன்சர் பகுதியின் சூடு புல்லைப் பற்றவைக்கும். டீசல் வண்டியின் புகை வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் நேரத்தில் அதற்குள் 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு ஏறும். வண்டியையும் டிரெய்லரையும் பிணைக்கும் பாதுகாப்புச் சங்கிலி தரையில் இழுபட்டுப் பொறி பறக்கிறதா என்றும் பாருங்கள்.

தீப்பிடித்துவிட்டது. டிரெய்லரைக் கழற்றி விடுவதா, குதிரைகளை இறக்குவதா?

இறக்குங்கள். முன்வண்டியில் தீ என்றாலும் இதே பதில்தான். டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் ஜாக்கியை இறக்கி, கொக்கியை விடுவித்து, எரிகிற வண்டியை ஓட்டி அப்புறப்படுத்த உங்களுக்கு யாரும் நேரம் தரப்போவதில்லை. புகை தெரிந்ததும் கெட்டியான தரை பார்த்து ஒதுங்குங்கள். 'அடுத்த ஊர் வரை போய்விடலாம்' என்று ஓட்டினால் நீங்களே துருத்தி ஊதுவதுபோல. ஒருவர் அவசர உதவியை அழைக்கட்டும்.

முதலில் தலைக்கயிறு, பிறகுதான் பின்கதவு. அவசரத்தில் பலர் மாற்றிச் செய்கிறார்கள். பின்னால் வழி திறந்ததும் குதிரை பின்வாங்கும். கயிறு இழுத்துப் பிடிக்கும். அது மிரண்டு திமிறினால் உங்களால் அருகில் போகவே முடியாது. முடிச்சு சிக்கினால் வெட்டுவதற்கு ஒரு கத்தி சட்டைப்பையில் இருக்கட்டும். இறக்கியதைக் காற்று வரும் பக்கம் தூரமாகக் கொண்டுபோய்ப் பிடித்து நிறுத்துங்கள். அவிழ்த்து விட்டால் சாலைக்கு ஓடும், அல்லது தனக்குப் பழகிய அந்த எரிகிற பெட்டிக்குள்ளேயே திரும்ப ஏறும்.

கோவேறு கழுதை நகரவே மாட்டேன் என்கிறது. தீயின்போது என்ன செய்வது?

தீயின்போது செய்வதற்கு அதிகம் இல்லை. அதனால்தான் இன்றைக்கே செய்யச் சொல்கிறேன். மிரண்டால் குதிரை ஓடப் பார்க்கும்; கோவேறு கழுதை காலை ஊன்றி நின்று யோசிக்கும். அதைப் பிடிவாதம் என்பார்கள். அந்தக் குணம் தாய்க் குதிரையிடமிருந்து வந்ததல்ல; தந்தைக் கழுதையிடமிருந்து வந்தது. இழுத்தால் அது இன்னும் இறுகும். ஆனால் அது பழகிய பெண் குதிரை ஒன்று முன்னால் போனால் பின்னாலேயே வந்துவிடும். ஆகவே ஏற்றும்போதே இறங்கும் வரிசையை யோசித்து, அந்தப் பெண் குதிரை முதலில் இறங்கும்படி நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை பின்னோக்கி இறங்கவும், முன்பக்கத் தப்பும் கதவு வழியாக இறங்கவும், இருட்டில் இறங்கவும் பழக்குங்கள். முதல் நாள் அரை மணி நேரம் ஆகலாம். ஆகட்டும்.

நைலான் முகப்பட்டை மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?

மேய்ச்சலில் போடுங்கள்; பயணத்தில் வேண்டாம். நைலான் உருகித் தோலோடு ஒட்டும். தோல் பட்டையும் பருத்திக் கயிறும் போதும். செயற்கை இழைப் போர்வையையும் கால் உறைகளையும் இதே கணக்கில் சேருங்கள்.

குதிரை புகையில் சிறிது நேரம் இருந்தது. இப்போது நன்றாகத் தின்கிறது. மருத்துவர் தேவையா?

தேவை, இன்றே. குதிரையால் வாய் வழியாக மூச்சு விட முடியாது. அந்தப் புகை முழுவதும் மூக்கின் வழியேதான் உள்ளே போயிருக்கிறது. நுரையீரல் வீக்கம் ஓரிரு நாள் கழித்தும் தலைகாட்டும். மூச்சு வேகம், இருமல், மூக்கொழுகல் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். நனைத்த புல்லைக் கொடுங்கள், தூசி குறையும். மருத்துவர் சரி என்று சொல்லும் வரை சவாரி வேண்டாம். நான்கு முதல் ஆறு வாரம் வரை ஓய்வு என்று அவர் சொன்னால் பேரம் பேசாதீர்கள்.