அடுக்களைத் தோட்டம்: ஜாதிக்காய் ஏன் கறுத்தது?

கேள்வி: வணக்கம் அம்மா. மாமனார் நட்ட ஜாதிக்காய் மரம் இந்த ஆண்டுதான் கூடை கூடையாகக் காய்த்திருக்கிறது. தீபாவளித் திறந்த இல்லத்துக்கு வருகிறவர்களுக்கு என் கையால் ஜெருக், அதாவது ஊறுகாய், போட்டுக் கொடுக்க ஆசை. போன வாரம் ஒரு கிலோ நறுக்கிச் சர்க்கரையில் ஊற வைத்தேன். மறுநாளே கறுத்துவிட்டது, நாக்கையும் இழுக்கிறது. பழம் சரியில்லையா? அம்மாவின் அரிவாள்மனையில்தான் நறுக்கினேன்.
– வாசகி, பாலிக் புலாவ்

பதில்: பழத்தின் மேல் குற்றமே இல்லை. உங்கள் கடிதத்தின் கடைசி வரியில்தான் விடை இருக்கிறது. ஜாதிக்காய்ச் சதையில் துவர்ப்பு அதிகம். துவர்ப்புள்ள எதுவும் இரும்பில் பட்டால் கறுத்துவிடும். வாழைப்பூ ஆய்ந்த கத்தி கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அரிவாள்மனை தேங்காய்க்கும் மீனுக்கும் இருக்கட்டும், இதற்கு எவர்சில்வர் கத்தியை எடுங்கள்.

காற்றுப் பட்டாலும் நிறம் மாறும். அதனால் உப்பு கலந்த தண்ணீர்ப் பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தோல் சீவச் சீவத் துண்டுகளை அதிலேயே போட்டுவிடுங்கள். வெடித்துச் சிவப்புத் தெரிகிற பழம் ஜெருக்குக்கு வேண்டாம். மஞ்சள் ஏறத் தொடங்கி, இன்னும் வாய் திறக்காத காய்தான் மொறுமொறுப்பாக நிற்கும்.

துவர்ப்பைப் போக்கும் வேலையை அவசரப்படுத்தக் கூடாது. ஒரு கிலோ சதைக்கு 100 கிராம் கல் உப்புப் போட்டுப் பிசைந்து, மேலே கனமான தட்டு வைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் கிண்ணத்தில் இறங்கியிருக்கும் நீரைச் சுவைத்துப் பாருங்கள். நாக்கை இழுத்த துவர்ப்பில் பாதி அதில் இறங்கியிருக்கும். அதைக் கொட்டிவிட்டு, கழுவிப் பிழிந்து, மூன்று முறை தண்ணீர் மாற்றி அரை நாள் ஊற வையுங்கள். பிறகு அரைக் கிலோ சர்க்கரை. தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்க வேண்டாம், சர்க்கரையே சாற்றை இழுத்துவிடும். காரமான சின்ன மிளகாயான சிலி பாடி இரண்டைக் கீறிப் போட்டு, நான்கு கஸ்தூரி எலுமிச்சையைப் பிழிந்து, கண்ணாடிப் பாட்டிலில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்றாம் நாள் சாப்பிடலாம். சௌராஸ்தா சந்தையில் கிடைப்பதுபோல் காய்ந்த வகை செய்ய இப்போது முயலாதீர்கள். செப்டம்பரும் அக்டோபரும் பினாங்கில் மழை கொட்டும் மாதங்கள். நான் ஒரு வருடம் மூன்று முறம் நிறையக் காயவைத்து, அத்தனையும் பூசணம் பிடித்துக் குப்பைக்குப் போனது. இன்றும் நினைத்தால் மனம் வலிக்கிறது.

கொட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்! அதைச் சுற்றியிருக்கும் சிவப்பு வலைதான் ஜாதிபத்திரி. கிழியாமல் உரித்துத் தட்டையாக அழுத்தி நிழலில் காயவைத்தால் பிரியாணிக்கு ஆகும். கொட்டையை ஓட்டோடு உலர்த்துங்கள். ஆட்டினால் உள்ளே பருப்புக் கடகடவென்று ஒலிக்கும்வரை சில வாரங்கள் பிடிக்கும். தீபாவளிக்கு ஆகாது, சர்க்கரைப் பொங்கலுக்குச் சரியாக இருக்கும். அதுவும் ஒரு சிட்டிகை மட்டும். ஐந்து கிராம் பருப்பே, அதாவது ஏறக்குறைய ஒரு முழுக்கொட்டை, பெரியவர்களுக்குக்கூட மயக்கமும் படபடப்பும் தரும். குழந்தை தூங்கட்டும் என்று ஜாதிக்காய் இழைத்துப் புகட்டும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: வேலியில் படர்ந்த சங்குப்பூவைக் கொதிநீரில் ஊறவைத்து இடியாப்ப மாவு பிசைந்தேன். மணம் வரட்டும் என்று எலுமிச்சை பிழிந்ததும் நீலம் ஊதாவாகிவிட்டது. பூ கெட்டுப்போனதா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: பூ நன்றாகவே இருக்கிறது. புளிப்புப் பட்டால் அந்த நீலம் ஊதாவாக மாறும், அதுதான் அதன் இயல்பு. பக்கத்து வீட்டு ஞோஞ்ஞா (மலாய்ப் பழக்கங்கள் கலந்த சீன மரபுப் பெண்) அம்மையார் செய்யும் புளுட் தை தை என்ற பசையரிசிப் பலகாரத்தின் நீலம் வேண்டுமென்றால், மாவில் எலுமிச்சை சேர்க்காதீர்கள். அடியிலுள்ள பச்சைக் காம்பையும் கிள்ளிவிட்டு, இதழ்களை மட்டும் ஊறவையுங்கள்.

கேள்வி: பொங்கலுக்கு வீட்டு மஞ்சள் கொத்தையே பானையில் கட்ட வேண்டும் என்று மார்ச்சில் நட்டேன். டிசம்பரிலேயே இலையெல்லாம் காய்ந்து சாய்ந்துவிட்டது. உரம் போதவில்லையா?
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: உரம் போதும், நீங்கள் முந்திவிட்டீர்கள், அவ்வளவுதான். எட்டு ஒன்பது மாதத்தில் மஞ்சள் முற்றிவிடும், முற்றினால் இலை காய்வது இயற்கை. மண்ணைக் கிளறிப் பாருங்கள், சமையலுக்கு நல்ல கிழங்கு கிடைக்கும். பானையில் கட்டப் பச்சை இலை வேண்டுமென்றால் ஜூன் தொடக்கத்தில் நடுங்கள். ரெண்டாங் என்ற மலாய் இறைச்சிக் குழம்புக்கு இலை கேட்டு வரும் அக்கம்பக்கத்தாருக்கு வெளிப்பக்கத்து இலைகளை மட்டும் கொடுங்கள், நடுக்குருத்தைத் தொட வேண்டாம். இப்போது தோண்டும் கிழங்கில் கண் முளைத்த நாலு துண்டை நிழலில் எடுத்து வையுங்கள், அதுதான் அடுத்த விதை.