பூனை இருக்கும் வீட்டுக்கு எந்த நாய்?

கேள்வி: வீட்டில் இரண்டு பூனைகள் இருக்கின்றன. காவலுக்குச் சிப்பிப்பாறை வாங்க நினைக்கிறோம். ஒத்துப்போகுமா டாக்டர்?
– வாசகி, விருதுநகர்

பதில்: வேண்டாம் என்பேன். சிப்பிப்பாறையும் கன்னி இன நாயும் முயல் வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்டவை. கண்ணெதிரே எது ஓடினாலும் துரத்தும். குட்டியிலிருந்து பழக்கினால் உங்கள் பூனைகளை விட்டுவைக்கலாம்; மதிலேறி வரும் பக்கத்து வீட்டுப் பூனைக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

லாப்ரடார் அல்லது 8 வாரம் நிரம்பிய நாட்டு நாய்க்குட்டி பாருங்கள். வளர்ந்த நாய் என்றால், கயிற்றில் பிடித்தபடி, தள்ளி நின்று ஒரு பூனையைப் பார்க்க விடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பினால் நல்லது. உடல் விறைத்து, வாயை மூடி, இமைக்காமல் வெறித்தால் அந்த நாய் வேண்டாம். குரைப்பதைவிட அந்த அமைதிதான் ஆபத்து.

நாய் வந்ததும் முதல் வாரம் அதற்குத் தனி அறை. படுக்கைத் துணிகளை மட்டும் மாற்றிப் போட்டு வாசனை பழக்குங்கள். பிறகு கயிற்றோடு தினமும் 5, 10 நிமிடம் சந்திக்கட்டும். பூனையைக் கையில் தூக்கிக் காட்டாதீர்கள், மிரண்டு பிறாண்டிவிடும். ஏறி உட்கார 5 அடி உயரத்தில் பலகை அடியுங்கள். பூனைச் சாப்பாட்டையும் மலத்தொட்டியையும் நாய்க்கு எட்டாமல் வையுங்கள். இரண்டையுமே தின்னும்!