கார் இல்லாதவன் போர்ஷே பந்தயத்துக்கு விருந்தாளியாகப் போகலாமா?

கேள்வி: என் முதலாளியிடம் போர்ஷே இருக்கிறது. செப்பாங் பந்தயப் பாதையில் அந்தக் கார் நிறுவனம் நடத்தும் பந்தய வார இறுதிக்கு என்னையும் விருந்தாளியாகக் கூப்பிட்டிருக்கிறார். நான் வைத்திருப்பது ஒரு பழைய மைவி, சின்னக் கார். அங்கே போனால் மரியாதையாக இருக்குமா? என்ன நடக்கும்?

போங்கள். கண்டிப்பாகப் போங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

நீங்கள் எதற்குத் தயங்குகிறீர்கள் என்று கேள்வியைப் படித்ததுமே எனக்குப் புரிந்தது. நீங்களும் தோட்டப்புறத்துப் பிள்ளையாகத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரிய மனிதர்கள் கூடும் இடம் என்றால் வாசலிலேயே நின்றுவிடுவது நம்மில் பலருக்குச் சின்ன வயதிலேயே ஊறிப்போன பழக்கம். துரை பங்களாவுக்கு நம் அப்பாக்கள் பின்வாசல் வழியாகத்தான் போனார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் தயக்கம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நான் பந்திங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா அங்கே டிராக்டர் ஓட்டினார். நான் தோட்டத்து வாகனப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். டிராக்டர், லோரி, செம்பனைக் குலை தூக்கும் கிரேபர் எல்லாம் என் கைக்கு வரும். எங்கள் லயத்தில் நான்கு வீடு தள்ளி இருந்த பையன் இன்று டாக்டர். டவுனில் கிளினிக் வைத்திருக்கிறார். என்னைவிட இளையவர் என்பதால் இன்றுவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். அவர் செகண்ட் ஹேண்டில் ஒரு போர்ஷே கேமன் வாங்கினார். கார் வைத்திருப்பவர்களுக்குப் பந்தயத்துக்கு அழைப்பு வந்தது, கூட ஒருவரை அழைத்துப் போகலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். "வீட்டுல அந்தச் சத்தம் ஆகாதுன்னு சொல்லிட்டாங்க. நீங்க வாங்கண்ணே, உங்களுக்குத்தான் அதெல்லாம் புரியும்" என்றார். போனேன்.

என்ன பந்தயம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், தெரிந்துகொண்டு போனால் ரசிக்கலாம். கரேரா கப் ஏசியா என்பது 2003-லிருந்து நடக்கும் தொடர். எல்லாரும் ஒரே மாதிரிக் கார்தான் ஓட்ட வேண்டும், போர்ஷே 911-இன் பந்தய வடிவம். 4 லிட்டர், ஆறு சிலிண்டர், 500-க்கு மேல் குதிரைத்திறன். பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடாமல் இரண்டு பக்கமும் படுத்த வாக்கில் ஓடும். எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. அந்தப் பாரம் பின் சக்கரத்தை அழுத்திப் பிடிப்பதால் வளைவை விட்டு வெளியே வரும்போது கார் உதறாமல் பாய்கிறது. கார் எல்லாருக்கும் ஒன்று என்பதால் ஜெயிப்பது ஓட்டுகிறவர் கையிலும் பட்டறை ஆட்களின் கையிலும் இருக்கிறது. தொழிலுக்கே ஓட்டுபவர்களும், சொந்தத் தொழில் செய்துகொண்டு வார இறுதியில் ஓட்டும் பணக்காரர்களும் ஒரே பந்தயத்தில் தனித்தனிப் பிரிவாக ஓடுவார்கள். பந்தயம் அரை மணி நேரம் போலத்தான். மிச்ச நேரமெல்லாம் பயிற்சி ஓட்டம், தகுதிச் சுற்று, சாப்பாடு, பேச்சு.

வாசலில் கையில் ஒரு பட்டை கட்டினார்கள். பிட்டுக்கு, அதாவது பந்தயக் கார்களைப் பார்க்கும் பட்டறை வரிசைக்கு, மேலே குளிர்சாதன அறை, கண்ணாடி வழியாக நேர்பாதை தெரியும். சாப்பாடு தாராளமாக இருந்தது. பசியாறாமல் போனாலும் பாதகமில்லை.

நீங்கள் பயப்படும் கேள்வி அங்கே வரத்தான் செய்யும். ஜொகூரில் நிலம் வைத்திருக்கும் ஒரு சீனத் தவுக்கே, பெரிய முதலாளி, எங்கள் மேசையில் உட்கார்ந்தார். வந்ததும் என்னைப் பார்த்து, எந்த மாடல் வைத்திருக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். டாக்டர் சட்டென்று வாயைத் திறந்தார், எனக்காக ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அதற்குள் நானே சொல்லிவிட்டேன்: "கார் இவருடையது. நான் தோட்டத்தில் டிராக்டர் பார்க்கிறேன்."

அந்த மனிதர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருடைய கிரேபரில் குலையைத் தூக்கி நிறுத்தினால் பூம், அதாவது தூக்கும் கை, மெல்ல மெல்லத் தானாக இறங்குகிறதாம். சிலிண்டர் சீல் மாற்றியும் அப்படியேதான் இருக்கிறதாம், ஆள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களாம். சீல் புதிது என்றால் வால்வைப் பாருங்கள், உள்ளே நகரும் ஸ்பூல் தண்டு தேய்ந்து எண்ணெய் கசிந்தால் சிலிண்டர் நன்றாக இருந்தாலும் பூம் இறங்கும் என்றேன். எப்படிச் சோதிப்பது என்றும் சொன்னேன். அவர் போனில் குறித்துக்கொண்டார். கீழே கார்கள் சுற்றிக்கொண்டிருந்தன, நாங்கள் கிரேபர் பேசிக்கொண்டிருந்தோம்.

பேச்சோடு பேச்சாக, போர்ஷே பேரிலேயே டிராக்டர் வந்திருக்கிறது என்றேன். அவர் நம்பவில்லை. உண்மைதான். 1956 முதல் 1963 வரை ஜெர்மனியில் பிரீட்ரிக்ஸ்ஹாஃபனில் போர்ஷே டீசல் என்று சிவப்பு டிராக்டர்கள் செய்தார்கள். அதற்கு முன்பே ஆல்காயர் என்ற நிறுவனம் போர்ஷே வடிவமைப்பில் செய்துகொண்டிருந்தது. அதில் ஒன்று காப்பித் தோட்டத்துக்கென்றே செய்தது. டீசல் புகை காப்பிக் கொட்டையில் ஏறிவிடக் கூடாது என்று அதற்குப் பெட்ரோல் எஞ்சின் வைத்தார்கள், கிளைகளில் மாட்டாமலிருக்க உடம்பு முழுக்கத் தகடு போட்டு மூடினார்கள். அவர் அங்கேயே போனில் தேடிப் படத்தை எடுத்து அடுத்த மேசைக்கும் காட்டினார்.

நமக்குத் தெரிந்த தொழிலோடு உள்ளே போனால் போதும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். என்னைப் பெருமையடித்துக்கொள்கிறான் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும். பெருமைதான். எனக்கு அதில் வெட்கமில்லை.

ஆனால் மேல் அறையிலேயே இருந்துவிடாதீர்கள். அங்கே பார்ப்பதற்கு அதிகம் இல்லை. விருந்தாளிகளைப் பிட்டுக்கு அழைத்துப் போவார்கள், அந்த நேரத்தை விடாதீர்கள். நான் இத்தனை வருடம் பட்டறையில் இருந்தவன், ஆனாலும் அந்தத் தரையைப் பார்த்து மலைத்துப்போனேன். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. ஸ்பேனர் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். இறுக்கி முடித்த போல்ட்டின் மேல் வண்ணப் பேனாவால் ஒரு கோடு போடுகிறார்கள். கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். இதை மறுநாளே எங்கள் பட்டறையில் கொண்டுவந்தேன், இன்றுவரை நடக்கிறது. காரைத் தூக்க ஜேக்கைத் தள்ளிக்கொண்டு ஓடுவதில்லை. காருக்கு அடியிலேயே காற்று ஜேக் இருக்கிறது. ஒரு குழாயைச் செருகியதும் நான்கு சக்கரமும் தரையை விட்டு எழும்பிவிடும். சக்கரத்துக்கு நடுவில் ஒரே ஒரு நட்.

டயர் பார்க்கும் இளைஞர் ஒருவர் பொறுமையாகப் பதில் சொன்னார். செப்பாங் வெயிலில் ஓட ஓட டயருக்குள் காற்று சூடாகி அழுத்தம் ஏறும். அதனால் எவ்வளவு ஏறும் என்று கணக்குப் பண்ணி, ஆறியிருக்கும்போது குறைவாக அடைக்கிறார்கள். கார் உள்ளே வந்ததும் டயரில் ஊசி குத்திச் சூடு பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். எங்கள் பக்கம் தோட்டங்களில் மண் கரிமண், கால் வைத்தால் புதையும். டிராக்டர் புதையாமலிருக்க நாங்களும் காற்றைக் குறைத்துத்தான் ஓட்டுவோம் என்றேன். அவர் அதற்கு மேல் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்.

பிட் சுவரருகே நின்றபோது, "அங்கள், கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க" என்று தமிழில் ஒரு குரல். செம்மஞ்சள் உடுப்பில், பாதைப் பாதுகாப்பைப் பார்க்கும் ஒரு மார்ஷல் பொண்ணு. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

மதியம் கார் வைத்திருப்பவர்களை வரிசையாகப் பாதையில் ஓட்ட விட்டார்கள். முன்னால் ஒரு கார் வழிகாட்டும், முந்தக் கூடாது. டாக்டர் ஓட்ட, நான் பக்கத்தில். 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. முதல் வளைவு வலது பக்கம் சுருண்டு சுருண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, முடிந்தது என்று நினைக்கும்போது இடது பக்கம் வெட்டுகிறது. தொலைக்காட்சியில் பார்க்கும்போது அந்த இறக்கம் தெரியவே தெரியாது. கடைசியில் இரண்டு நேர்பாதை, நடுவில் அந்தப் பெரிய கூரைக் கொட்டகை. 1999 முதல் 2017 வரை ஃபார்முலா ஒன் ஓடிய அதே பாதை. இளவயதில் மோட்டாரில் கூட்டமாகப் போய், முதல் வளைவுக்கு மேலே புல்மேட்டில் வெயில் காய்ந்துகொண்டு பார்த்த இடத்தை அன்றைக்குக் கீழே இருந்து பார்த்தேன்.

அந்தப் பாதையில் ஒரு குழி இல்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால் சொல்கிறேன். எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளிக்குப் போகும் சாலை எப்படி இருக்கிறது தெரியுமா? குலை ஏற்றிய லோரிகள் ஓடி ஓடி நடுச்சாலையில் ஆள் முழங்கால் அளவுக்குப் பள்ளம். மழை பெய்தால் பள்ளம் எது சாலை எது என்று தெரியாது. பிள்ளைகளை மோட்டாரில் ஏற்றிப் போகும் அம்மாக்கள் விழுந்திருக்கிறார்கள். மனுக் கொடுத்தால், அது தோட்டத்துச் சாலை, தனியார் நிலம் என்கிறது ஓர் அலுவலகம். தோட்டத்தில் கேட்டால், பொதுமக்கள் போகிற சாலைக்கு நாங்கள் ஏன் செலவு செய்ய வேண்டும் என்கிறார்கள். கடைசியில் பெற்றோர்களே கல் வாங்கிப் போட்டோம், நானும் டிராக்டர் கொண்டுபோய் மட்டப்படுத்தினேன். அடுத்த மழையில் அதுவும் போய்விட்டது. தார் போடத் தெரியாத நாடு இல்லை இது. செப்பாங்கில் போட்டிருக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதைப் படித்துவிட்டு, தோட்டத்துச் சனம் வீடில்லாமல் கிடக்கும்போது பணக்காரன் பந்தயத்துக்குப் போய்ப் பல்லைக் காட்டுகிறான் என்று சிலர் எழுதுவார்கள். எங்கள் வீட்டு வாட்சாப் குழுவிலேயே எழுதினார்கள். அவர்களுக்கு என் பதில் இதுதான். செப்பாங் பந்தயப் பாதை இருக்கும் நிலம் முன்பு செம்பனைத் தோட்டம். பக்கத்தில் 1998-ல் திறந்த விமான நிலையமும் தோட்டங்களை எடுத்துத்தான் வந்தது. பிராங் பெசார் தோட்டம்தான் இன்றைய புத்ராஜெயா. அந்த மண்ணில் ரப்பர் பால் வெட்டியதும் குலை அறுத்ததும் நம் ஆட்கள். அங்கே கால் வைக்க நாம் யாரிடமும் கூச்சப்பட வேண்டியதில்லை. நான் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் ஒரு வீடு கிடைத்திருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. போர்ஷே காயேன் கார் 2022 முதல் கெடா மாநிலத்துக் கூலிமில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டப்படுகிறது. ஐரோப்பாவுக்கு வெளியே அவர்கள் அப்படிச் செய்வது அதுதான் முதல் தடவை. கூட்டாளி சைம் டார்பி, 1910-ல் மலாக்காவில் ரப்பரோடு தொடங்கிய நிறுவனம். இந்தத் தொழிலில் நம் பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறது. ஆனால் மோட்டாரைக் கழற்றிப் பூட்டும் பையனைப் பார்த்தால் நம் ஊரில் முதலில் வரும் வார்த்தை "ரவுடி". அவனைத் திறன் பயிற்சிக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்க வையுங்கள். அப்படிப்பட்ட பையன் உங்கள் வீட்டில் இருந்தால், முதலாளியிடம் இன்னொரு இடம் கிடைக்குமா என்று கேட்டு அவனையும் அழைத்துப் போங்கள். முதலாளி முடியாது என்றால் போகட்டும், கேட்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

மற்றபடி, மூடிய சப்பாத்து போடுங்கள், செருப்போடு பிட்டுக்குள் விட மாட்டார்கள். காதடைப்பான் அங்கேயே கொடுப்பார்கள், கொடுக்காவிட்டால் கேளுங்கள். பிட்டில் படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள், சில குழுக்களுக்குப் பிடிக்காது. மழைச்சட்டை அவசியம். செப்பாங்கில் சாயங்கால மழையை நம்ப முடியாது. 2009-ல் 56 சுற்று ஓட வேண்டிய ஃபார்முலா ஒன் பந்தயத்தையே பாதியில் நிறுத்தி, 31-ஆம் சுற்றின் நிலவரப்படி பாதிப் புள்ளிதான் கொடுத்தார்கள். பெயர், தொலைபேசி எண் எழுதச் சொல்லி ஒரு தாள் நீட்டுவார்கள். எழுதினால் விற்பனை ஆட்கள் கூப்பிடுவார்கள், வேண்டாம் என்றால் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை. முதலாளி எந்த நாளுக்குக் கூப்பிடுகிறார் என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள்தான் என்றால், பிட்டுக்குள் விடும் நேரம் எந்த நாளில் அதிகம் என்று பார்த்து அவரிடம் சொல்லுங்கள்.